புல்பூர் தோல்வியும் லோகியாவின் மறுதொடக்கமும்

புதுதில்லி: 1962-ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில், உத்தரப் பிரதேசத்தின் புல்பூர் மக்களவைத் தொகுதியில் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது பிரதமர் ஜவாஹர்லால் நேரு பெற்றிருந்த வாக்குகள் 1,18,931. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சோஷலிஸ்ட் தலைவர் டாக்டர் ராம் மனோகர் லோகியாவுக்குக் கிடைத்தவை 54,360. வித்தியாசம் 64,571.

நாட்டின் மிகப் பெரிய தலைவரை அவரது சொந்த மாவட்டத்திலேயே எதிர்த்து நின்றவர் தோற்றதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால், தோற்றவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது லோகியாவுக்கு வயது 51. முந்தைய தேர்தலிலும் அவர் தோற்றிருந்தார். அவர் தொடங்கிய சோஷலிஸ்ட் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது 6 மக்களவை இடங்கள் மட்டுமே. பழைய தோழர்கள் பலர் அவரைவிட்டு விலகியிருந்தனர். நாடாளுமன்றத்துக்குள் அவர் அதுவரை ஒருமுறைகூட உறுப்பினராக நுழைந்ததில்லை.

அதே லோகியா அடுத்த ஆண்டே மக்களவைக்குள் நுழைந்தார். ஐந்தாண்டுகளில், இந்திய அரசியலின் அதிகாரக் கணக்கையே மாற்றிய ஓர் உத்தியின் சிற்பியானார். தோல்விக்கும் மறு எழுச்சிக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் அவர் எதை விட்டுக்கொடுத்தார், எதை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதே அவரது வாழ்க்கையின் முக்கியமான அத்தியாயம்.

நேரு வளர்த்த இளைஞர்

லோகியா 1910 மார்ச் 23-இல் அன்றைய ஃபைசாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த அக்பர்பூரில் பிறந்தார். இளம் வயதிலேயே தாயை இழந்தவர். தந்தை ஹீராலால் தேசியவாதி. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் கொல்கத்தாவிலும் பயின்றபின் மேற்படிப்புக்காக லோகியா ஜெர்மனி சென்றார். உப்புச் சத்தியாகிரகம் நாட்டையே உலுக்கிய காலம் அது. பெர்லினில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் உப்பு வரியைப் பற்றிய பொருளாதாரமே. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

1934-இல் காங்கிரஸுக்குள் சோஷலிஸ்ட் அணி உருவானபோது அதன் முன்னணியினரில் ஒருவராக இருந்தார். 1936-இல் காங்கிரஸ் தலைவராக இருந்த நேரு, கட்சியின் வெளியுறவுப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பை 26 வயது லோகியாவிடம் ஒப்படைத்தார். அலாகாபாதில் நேருவின் அருகிலேயே பணியாற்றிய அந்த நாள்களில், அவர் மீது லோகியாவுக்கு இருந்தது மரியாதை மட்டுமல்ல, ஆழ்ந்த பற்று.

1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது தலைமறைவாக இருந்து, மும்பையில் இயங்கிய ரகசிய வானொலிக்குத் துணைநின்றார். 1944-இல் கைதாகி, லாகூர்க் கோட்டையில் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். 1946 ஏப்ரலில் ஜெயப்பிரகாஷ் நாராயணுடன் விடுதலையானார். உடல் தேற வேண்டி கோவா சென்றவர், அங்கும் ஓய்வெடுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 18-இல் மட்காவ் நகரில் போர்ச்சுகீசிய ஆட்சியின் தடையை மீறிப் பொதுக்கூட்டம் நடத்திக் கைதானார். அந்த நாள் இன்றும் கோவா புரட்சி தினமாகக் கொண்டாடப்படுகிறது.

விடுதலைக்குப் பின் பாதைகள் பிரிந்தன. 1948-இல் சோஷலிஸ்டுகள் காங்கிரஸைவிட்டு வெளியேறினர். நேருவின் அணுக்கத் தொண்டராக இருந்தவர் நேரு அரசின் கடுமையான விமர்சகராக மாறினார். ஆட்சியாளர்களின் ஆடம்பரம், ஆங்கிலத்தின் ஆதிக்கம், சாதிப் படிநிலை, சீனாவின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கை என அவர் தொடுத்த கணைகள் பெரும்பாலும் பிரதமரை நோக்கியே பாய்ந்தன.

சொந்த அரசையே எதிர்த்தவர்

1952-இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி சுமார் 10 சதவீத வாக்குகளைப் பெற்றும் 12 இடங்களில் மட்டுமே வென்றது. பின்னர் ஆச்சார்ய கிருபளானியின் கட்சியுடன் இணைந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சி உருவானது. லோகியா அதன் பொதுச் செயலரானார். அவரது அரசியல் வாழ்வின் முதல் பெரும் சோதனை இந்தப் பொறுப்பில்தான் வந்தது. அந்தச் சோதனைக்களம் தமிழர்களுக்கு நெருக்கமானது.

1954-இல் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளை முதல்வராக இருந்தார். காங்கிரஸின் ஆதரவில் நிலைத்திருந்த சிறுபான்மை அரசு அது. தமிழ் பேசும் தென் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரிப் போராட்டம் உச்சத்தில் இருந்த வேளையில், ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் துப்பாக்கியால் சுட்டதில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர்.

லோகியா அப்போது உத்தரப் பிரதேசச் சிறையில் இருந்தார். பாசனக் கட்டண உயர்வைச் செலுத்த வேண்டாம் என்று ஃபருக்காபாதில் விவசாயிகளிடையே பேசியதற்காகக் கைது செய்யப்பட்டிருந்தார். சிறையில் இருந்தபடியே, துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்றுத் தம் கட்சியின் முதல்வர் பதவி விலக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மக்களைச் சுடும் அரசை எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்டித்துவிட்டு, ஆட்சிக்கு வந்ததும் அதே செயலுக்குக் காரணம் தேடுவது சோஷலிஸ்டுகளுக்கு அழகல்ல என்பது அவர் நிலை.

கட்சித் தலைமை அதை ஏற்கவில்லை. பட்டம் தாணுப் பிள்ளையும் விலகவில்லை. லோகியா பொதுச் செயலர் பதவியைத் துறந்தார். பிணக்கு முற்றி, 1955-இல் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் ஹைதராபாதில் புதிய சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். அவர் யாருக்காகக் குரல் கொடுத்தாரோ அந்தத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அவருக்கோ, எஞ்சியது ஒரு சிறு கட்சி.

தனித்து நின்ற ஆண்டுகள்

புதிய கட்சியின் கொள்கை கறாரானது. காங்கிரஸுடன் உறவில்லை. கம்யூனிஸ்டுகளுடனும் இல்லை. ஜனசங்கத்துடனும் இல்லை. பழைய பிரஜா சோஷலிஸ்ட் தோழர்களுடனும் இல்லை. சமரசம் செய்துகொள்ளாமல் தனித்து நின்று போராடினால், சில ஆண்டுகளில் மக்கள் தங்கள் பக்கம் திரும்புவார்கள் என்று லோகியா நம்பினார்.

1957 தேர்தலில் சந்தௌலி தொகுதியில் காங்கிரஸின் திரிபுவன் நாராயண் சிங்கிடம் தோற்றார். அதன்பிறகும் பாதை மாறவில்லை. ஆங்கில அகற்றல் இயக்கம், விலைவாசிப் போராட்டம், சாதி ஒழிப்பு மாநாடு, சிறை என்று நாள்கள் ஓடின. பின்தங்கிய வகுப்பினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், சிறுபான்மையினரில் பின்தங்கியோர் ஆகியோருக்குத் தலைமைப் பதவிகளில் 60 சதவீத இடம் வேண்டும் என்ற கோரிக்கையைக் கட்சி முன்வைத்தது. வட இந்தியாவில் வேறெந்தத் தேசியக் கட்சியும் அந்தக் கோரிக்கையைத் தொடத் தயங்கிய காலம் அது.

1962 தேர்தலில் அவர் இரு அடையாளப் போர்களைத் தொடுத்தார். ஒன்று, புல்பூரில் பிரதமரை எதிர்த்துத் தாமே நிற்பது. மற்றொன்று, குவாலியரில் மகாராணி விஜயராஜே சிந்தியாவை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளியான ஒரு பெண்ணை நிறுத்துவது. இரண்டிலும் வெற்றிக்கு வாய்ப்பில்லை என்பது அவருக்கே தெரியும். அசைக்க முடியாதவை என்று மக்கள் கருதும் பீடங்கள் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல என்று காட்டுவதே நோக்கம்.

நோக்கம் உயர்ந்ததாயினும் தோல்வி தோல்விதான். இரு இடங்களிலும் முடிவு எதிர்பார்த்தபடியே அமைந்தது. காங்கிரஸ் 494 இடங்களில் 361-ஐக் கைப்பற்றி, மூன்றாவது முறையாக அறுதிப் பெரும்பான்மையுடன் ஆட்சியமைத்தது.

வாக்குக் கணக்கு சொன்ன பாடம்

தோற்ற தலைவர்களுக்கு வழக்கமாக மூன்று வழிகள் இருக்கும். வாக்காளர்களைக் குறைகூறலாம். அரசியலைத் துறக்கலாம். வென்றவருடன் சமாதானம் செய்துகொள்ளலாம். சோஷலிஸ்ட் முகாமிலேயே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள் இருந்தன. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1950-களிலேயே கட்சி அரசியலைவிட்டு விலகி, வினோபாவின் பூதான இயக்கத்தில் கலந்துவிட்டார். பிரஜா சோஷலிஸ்ட் தலைவர்களில் ஒரு பகுதியினர் காங்கிரஸை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர்.

லோகியா நாடியது நான்காவது வழி. அவர் வாக்குக் கணக்கைப் படித்தார்.

காங்கிரஸ் 1952-இல் பெற்றது 45 சதவீத வாக்குகள். 1957-இல் சுமார் 48 சதவீதம். 1962-இல் அதுவும் குறைந்து 45 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. அதாவது, வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்று தேர்தல்களிலும் காங்கிரஸுக்கு எதிராகவே வாக்களித்திருந்தனர். ஆனாலும், ஒவ்வொரு முறையும் மக்களவையின் நான்கில் மூன்று பங்கு இடங்கள் அக்கட்சிக்கே போயின. எதிர் வாக்குகள் கம்யூனிஸ்ட், ஜனசங்கம், சுதந்திரா, இரு சோஷலிஸ்ட் கட்சிகள், சுயேச்சைகள் எனச் சிதறியதே காரணம்.

மக்கள் காங்கிரஸை விரும்புகிறார்கள் என்ற முடிவுக்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சிகளே தங்கள் பிளவின் மூலம் காங்கிரஸை அரியணையில் அமர்த்துகின்றன என்பதே அது சொன்ன செய்தி. அப்படியானால், தனித்து நின்று தூய்மையைக் காப்பது என்ற தமது கொள்கையும் அந்தப் பிளவுக்கு உடந்தைதான் என்ற கசப்பான உண்மையை லோகியா ஏற்க வேண்டியிருந்தது. ஏழாண்டுகள் தாம் கட்டிக்காத்த பாதையை அவரே கைவிட்டார். காங்கிரஸுக்கு எதிராகத் தொகுதிக்கு ஒரே வேட்பாளர் என்ற உடன்பாட்டுக்கு அனைத்து எதிர்க்கட்சிகளும் வர வேண்டும் என்று வாதிடத் தொடங்கினார். பிற்காலத்தில் காங்கிரஸ் எதிர்ப்பு வாதம் என்று பெயர் பெற்ற உத்தி இவ்வாறே பிறந்தது.

அவரது கட்சியினரில் பலருக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. மதச்சார்புக் கட்சி என்று நேற்றுவரை ஏசிய ஜனசங்கத்துடனும், முதலாளிகளின் கட்சி என்று தூற்றிய சுதந்திரா கட்சியுடனும் எப்படிக் கைகோப்பது என்று கேட்டனர். ஒரே கட்சி காலவரையின்றி ஆண்டால் அது திருந்தவும் செய்யாது, பிற கட்சிகள் வளரவும் விடாது. ஆட்சி மாறும் என்ற நம்பிக்கை மக்களுக்கு முதலில் வர வேண்டும், கொள்கைப் போரைப் பிறகு நடத்தலாம் என்பதே அவர் கூறிய விடையின் சாரம்.

கொள்கைகளை அவர் ஒத்திவைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆண் - பெண் சமத்துவம், நிறவெறி எதிர்ப்பு, சாதி ஒழிப்பு, அந்நிய ஆதிக்க எதிர்ப்பு, பொருளாதாரச் சமத்துவம், தனிவாழ்வின் உரிமை, ஆயுதங்களுக்கு எதிரான சத்தியாகிரகம் என ஏழு புரட்சிகளாகத் தமது சிந்தனையை அவர் தொகுத்ததும் இந்தக் காலத்தில்தான். மார்க்ஸ், காந்தி, சோஷலிஸம் குறித்த அவரது முக்கியமான கட்டுரைத் தொகுப்பு 1963-இல் வெளிவந்தது. பயணத்தின் திசை மாறவில்லை; வாகனம் மட்டுமே மாறியது.

சிறைவைத்த மாவட்டமே தேர்ந்தெடுத்தது

1962 இறுதியில் நடந்த சீனப் போர் நேரு அரசின் மதிப்பைக் குலைத்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி இழந்தார். 1963-இல் நடைபெற்ற இடைத்தேர்தல்கள் லோகியாவின் புதிய உத்திக்குச் சோதனைக்களமாயின.

அம்ரோஹாவில் ஆச்சார்ய கிருபளானி நின்றார். அவரும் 1962-இல் வடக்கு மும்பையில் கிருஷ்ண மேனனிடம் தோற்றவரே. ராஜ்கோட்டில் சுதந்திரா கட்சியின் மினு மசானி. ஜான்பூரில் ஜனசங்கத்தின் தீன்தயாள் உபாத்யாய. ஃபருக்காபாதில் லோகியா. ஜனசங்கத்தின் நானாஜி தேஷ்முக் லோகியாவுக்காகப் பணியாற்றினார். லோகியா ஜான்பூருக்குச் சென்று உபாத்யாயவுக்கு ஆதரவு திரட்டினார். ஓராண்டுக்கு முன்பு எவரும் கற்பனை செய்திராத காட்சிகள் இவை.

ஜான்பூரில் மட்டும் காங்கிரஸ் வென்றது. மற்ற மூன்று தொகுதிகளும் எதிர்க்கட்சிகளுக்குக் கிடைத்தன. ஃபருக்காபாதில் லோகியாவிடம் தோற்றவர் முன்னாள் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கர். ஃபருக்காபாத் மக்களுக்கு லோகியா புதியவர் அல்லர். 1954-இல் பாசனக் கட்டண உயர்வை எதிர்த்து அவர் பேசியதும், பேசியதற்காகச் சிறை வைக்கப்பட்டதும் அந்த மாவட்டத்தில்தான். அவரைச் சிறைவைக்கக் காரணமான சட்டப் பிரிவைப் பின்னர் அலாகாபாத் உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. உச்ச நீதிமன்றமும் 1960-இல் அதை உறுதி செய்தது. ஒன்பதாண்டுகளுக்குப் பின் அதே மாவட்டம் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

மூன்று அணா வாதம்

1963 ஆகஸ்டில் நேரு அரசு மீது கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், மக்களவை வரலாற்றில் முதலாவது. தீர்மானத்துக்கு ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 347 வாக்குகளும் விழுந்தன. எண்ணிக்கையில் அது மற்றொரு தோல்வி. ஆனால், அந்த விவாதத்தை நாடு மறக்கவில்லை.

புதிய உறுப்பினரான லோகியா அவையில் ஒரு கணக்கை முன்வைத்தார். நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு 3 அணா வருமானத்தில் வாழ்கிறார்கள். பிரதமருக்காக அரசு நாள்தோறும் செலவிடுவதோ 25 ஆயிரம் ரூபாய் என்றார். அன்றைய மக்கள்தொகை சுமார் 44 கோடி. 16 அணா சேர்ந்தது ஒரு ரூபாய். திட்டக் குழுவின் கணக்குப்படி தினசரி வருமானம் 15 அணா என்று நேரு மறுத்தார். கோடீஸ்வரரையும் கூலித் தொழிலாளியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த சராசரியைக் கொண்டு ஏழையின் வயிற்றை அளக்க முடியாது என்பது லோகியாவின் எதிர்வாதம்.

3 அணாவா, 15 அணாவா என்ற கேள்வி நாளேடுகள் வழியாகத் தேநீர்க் கடைகள் வரை சென்றது. வறுமை எவ்வளவு, அதை எப்படி அளப்பது என்பது நாடாளுமன்றத்தின் மைய விவாதமாக மாறிய தருணங்களில் அது முதன்மையானது.

1964-இல் அமெரிக்கா சென்றபோது, மிசிசிபி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் வெள்ளையருக்கு மட்டுமான உணவகத்தில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறுநாள் வேட்டி அணிந்து அங்கேயே மீண்டும் சென்று கைதானார். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. 1965 ஆகஸ்டில் பாட்னாவில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைதானபோது, சிறையிலிருந்தே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சட்டம் ஒழுங்கு வேறு, பொது அமைதி வேறு, நாட்டின் பாதுகாப்பு வேறு என்று பிரித்துக் காட்டி அவரை விடுவித்த அந்தத் தீர்ப்பு, தடுப்புக் காவல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

1967: உத்தி பலித்தது

1964 மே 27-இல் நேரு மறைந்தார். உணவுப் பஞ்சம், விலையேற்றம், ரூபாய் மதிப்புக் குறைப்பு ஆகியவற்றுக்கிடையே 1967 பொதுத் தேர்தல் வந்தது. காங்கிரஸின் வாக்கு விகிதம் சுமார் 4 சதவீதம் மட்டுமே குறைந்தது. ஆனால், மக்களவையில் அதன் இடங்கள் 361-லிருந்து 283 ஆகச் சரிந்தன. எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை பறிபோனது. லோகியாவின் சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சி மக்களவையில் 23 இடங்களைப் பெற்றது. எதிர் வாக்குகள் சிதறாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று அவர் 1962-இல் போட்ட கணக்கு, பல மாநிலங்களில் அப்படியே மெய்யானது.

பிகாரில் மகாமாயா பிரசாத் சின்ஹா தலைமையிலும், சில வாரங்களில் உத்தரப் பிரதேசத்தில் சரண் சிங் தலைமையிலும் காங்கிரஸ் அல்லாத கூட்டணி அரசுகள் அமைந்தன. அமிர்தசரஸில் ரயில் ஏறினால் காங்கிரஸ் ஆளும் மாநிலம் எதையும் தொடாமல் கொல்கத்தா போய்ச் சேரலாம் என்று அப்போது பேசப்பட்டது.

சென்னை மாநிலத்தில் தி.மு.க. வென்றது; அண்ணா முதல்வரானார். அந்த வெற்றிக்கு 1965 மொழிப் போராட்டம் உள்பட அதற்கே உரிய காரணங்கள் இருந்தன. ஆங்கிலத்தை அகற்றத் துடித்த லோகியாவுக்கும், இந்தித் திணிப்புக்கு எதிரான அரணாக ஆங்கிலத்தைக் கருதிய திராவிட இயக்கத்துக்கும் மொழிப் பிரச்சினையில் இணக்கம் ஏற்படவே இல்லை. தமிழ்நாட்டில் ஆட்சியும் கல்வியும் தமிழிலேயே நடக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியபோதும், மத்தியில் இந்தி என்ற அவரது நிலையைத் தமிழகம் ஏற்கவில்லை. ஆயினும், அந்தத் தேர்தலில் தி.மு.க. அமைத்த கூட்டணியில் அவரது கட்சியும் இடம்பெற்றிருந்தது. கருத்து வேறுபாட்டை வைத்துக்கொண்டே தொகுதி உடன்பாடு காண முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வளவு பெரிய வெற்றிக்கு வழிவகுத்தவர் சொந்தத் தொகுதியில் தப்பிப் பிழைத்தார் என்றே சொல்ல வேண்டும். கன்னோஜில் லோகியா வென்றது ஐநூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்.

வெற்றிக்குக் கொடுத்த விலை

ஆட்சி கிடைத்ததும் லோகியா ஓய்ந்துவிடவில்லை. காங்கிரஸிலிருந்து வேறுபட்டவர்கள் என்பதைப் புதிய அரசுகள் சில மாதங்களிலேயே செயலில் காட்ட வேண்டும் என்று நெருக்கினார். கட்டுப்படியாகாத சிறு நிலங்களுக்கு நிலவரியை ரத்து செய்ய வேண்டும் என்பது அவரது முதன்மைக் கோரிக்கை. பிகாரில் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த கர்ப்பூரி தாக்கூர், மெட்ரிகுலேஷன் தேர்ச்சிக்கு ஆங்கிலம் கட்டாயமில்லை என்று அறிவித்தார்.

எனினும், கூட்டணிகளுக்குள் விரிசல் விரைவில் வெளிப்பட்டது. மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி. மண்டல், பிகார் அரசில் அமைச்சராகப் பொறுப்பேற்றார். மக்கள் எந்த அவைக்கு அனுப்பினார்களோ அங்கேயே பணியாற்ற வேண்டும் என்று கூறி லோகியா அதை எதிர்த்தார். கூட்டணி நலனுக்காகக் கண்டும் காணாமல் இருந்துவிட அவர் மறுத்தார். மண்டல் பிரிந்து சென்று தனிக்கட்சி கண்டார். 1968 தொடக்கத்தில் பிகார் அரசு கவிழ்ந்து, அவரே முதல்வரானார். 1954-இல் பட்டம் தாணுப் பிள்ளை விஷயத்தில் நின்ற அதே இடத்தில்தான் 1967-லும் லோகியா நின்றார். கூட்டணி பற்றிய அவரது கருத்து மாறியிருந்தது. பதவி பற்றிய கருத்து மாறவில்லை.

உத்தியின் விளைவுகள் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. ஜனசங்கத்துக்கு அரசியல் அங்கீகாரம் தேடித் தந்தது லோகியாவின் காங்கிரஸ் எதிர்ப்பே என்று இடதுசாரிகள் குறைகூறுகின்றனர். கட்சித் தாவலும் கூட்டணிக் குழப்பமும் அந்த ஆண்டிலிருந்தே பெருகின என்போரும் உண்டு. ஒரு கட்சி ஆட்சியை உடைத்து, பின்தங்கிய வகுப்பினர் வட இந்திய அரசியலின் மையத்துக்கு வர வழி திறந்தவர் அவரே என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. லோகியாவைவிட்டுப் பிரிந்த அதே மண்டல் தலைமையில் 1979-இல் அமைந்த ஆணையத்தின் பரிந்துரைப்படியே 1990-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் பணிகளில் 27 சதவீத இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

மீண்டும் புல்பூர்

இவற்றையெல்லாம் காண லோகியா இருக்கவில்லை. 1967 செப்டம்பர் இறுதியில் தில்லி வில்லிங்டன் மருத்துவமனையில் அவருக்கு புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் உடல்நிலை மோசமடைந்து, அக்டோபர் 12 அன்று தமது 57-ஆவது வயதில் காலமானார். மணம் செய்துகொள்ளாதவர், சொத்து எதையும் விட்டுச்செல்லாதவர். ஆங்கிலேய வைஸ்ராய் பெயரைத் தாங்கியிருந்த அந்த மருத்துவமனை பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிகிச்சைக்காக வரும் ஏழைகள் இன்று அங்கே வரிசையில் நிற்கின்றனர்.

நாடாளுமன்றத்தில் அவர் இருந்தது சுமார் நான்கு ஆண்டுகளே. அந்தக் குறுகிய காலத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது புல்பூர் தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம். கொள்கையைக் கைவிட்டுத் தோல்வியை அவர் ஈடுகட்டவில்லை. மக்கள் மீது பழிபோட்டும் தப்பிக்கவில்லை. தமது வழியில் இருந்த பிழையைத் தேடிக் கண்டு, அதைத் திருத்திக்கொள்ளும் துணிவைக் காட்டினார். தேர்தலில் தோற்ற கட்சிகள் ஆய்வுக் குழு அமைப்பதும், அதன் அறிக்கை அலமாரியில் தூங்குவதும் வழக்கமாகிவிட்ட சூழலில் அந்தத் துணிவின் அருமை புரியும்.

நேரு மறைந்தபின் புல்பூரில் அவரது சகோதரி விஜயலட்சுமி பண்டிட் வென்றார். அவர் பதவி விலகியதால் 1969-இல் அங்கு இடைத்தேர்தல் நடந்தது. அதில் காங்கிரஸின் மூத்த தலைவர் கேசவ தேவ் மாளவியாவைத் தோற்கடித்தவர் ஜனேஷ்வர் மிஸ்ரா. 1967-இல் அதே தொகுதியில் விஜயலட்சுமி பண்டிட்டிடம் தோற்றவர் அவர். அலாகாபாதில் மாணவர் தலைவராக வளர்ந்து, சின்ன லோகியா என்று மக்களால் அழைக்கப்பட்ட அவர் நின்றது சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில். 64,571 வாக்குகளில் லோகியா இழந்த தொகுதியை, ஏழாண்டுகளுக்குப் பின் அவரது கட்சி வென்றது.